ஏரிக்கரை நடை: எல்லாரும் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

தாம்பரத்துக்குத் தெற்கே, சுற்றிலும் வீடுகள் முளைத்துவிட்ட ஒரு ஏரிக்கரையில் நாங்கள் சிலர் காலையில் நடக்கிறோம். கை வீசி விறுவிறுவென்று போகிறவர்களுக்கு நடுவே நாங்கள் மட்டும் பத்தடிக்கு ஒருமுறை நின்று புதரை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதால், எதிரே வருகிறவர்கள் ஏதாவது விசாரிக்காமல் போவதில்லை. கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்பான கேள்விகள் பின்னால்.

"வாக்கிங் தெரியும் சார். இது என்ன நின்னு நின்னு போறது? ஏதாவது கோர்ஸா?"

கோர்ஸ் இல்லை, கட்டணமும் இல்லை. நடைதான். வழியில் இருக்கிற மரம், பறவை, பூச்சி இவற்றில் ஒன்றிரண்டையாவது இருப்பிடத்தோடு தெரிந்து வைத்துக்கொள்கிறோம், மறுநாள் போய் அது என்ன ஆயிற்று என்று பார்க்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜப்பானில் 1982-இல் அரசின் வனத்துறையே காட்டில் உலாவுவதற்கு 'காட்டுக் குளியல்' என்று பெயர் வைத்துப் பரப்ப ஆரம்பித்தது. இன்றைக்கு அதற்கு வழிகாட்டி, பயிற்சி, சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் கரையில் மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், எந்தப் புதரில் செம்போத்து இருக்கும், எந்த மூலையில் தண்ணீர் முதலில் வற்றும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரிடம் போய்ச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"எங்க பக்கம் அபார்ட்மென்ட்தான் இருக்கு. இயற்கைக்கு எங்க போறது, ஊட்டிக்கா?"

ஊட்டிக்குப் போனால் ஊட்டியைப் பார்க்கலாம், மறுநாள் காலையில் திரும்பப் போய்ப் பார்க்க முடியாதே! நமக்கு வேண்டியது தினமும் போகக்கூடிய இடம். கோயில் குளம், ரயில்வே லைன் ஓரம், பள்ளிக்கூட மைதானத்து வேலி, தெருமுனைப் புங்கமரம், எதுவானாலும் சரி.

ஒன்றுமே இல்லையென்றால் காலி மனை ஒன்றைத் தேடுங்கள், அதில் எருக்கு கட்டாயம் இருக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்று, முதுகில் மூன்று ஜோடிக் கருப்பு இழை நீட்டிக்கொண்டு, இலையை ஓரத்திலிருந்து அரைவட்டமாகத் தின்றுகொண்டிருக்கும். வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. எருக்கம்பாலில் உள்ள நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடுவதால், வளர்ந்து ஆரஞ்சு நிறத்தில் ஆற அமரப் பறக்கும்போதும் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அது அவசரமே இல்லாமல் பறப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு வாரம் அந்த ஒரு செடியை மட்டும் பார்த்துவாருங்கள், ஊட்டி ஞாபகம் வராது.

"எவ்வளவு நேரம் நடக்கணும்? பத்தாயிரம் ஸ்டெப்ஸ் முடிக்கணுமா?"

இருபது நிமிடம் இருந்தால் போதும். பத்து நிமிடம்தான் இருக்கிறதா, பத்து.

பத்தாயிரம் என்கிற கணக்கு மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னதே இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தவர்கள் அதற்கு வைத்த பெயரிலிருந்து கிளம்பியது. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சுமார் 7,500 அடிக்கு மேல் நடந்ததால் ஆயுளில் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. எண்ணிக்கையை வாட்ச் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கரையைப் பாருங்கள்.

"காலையிலயா சாயந்தரமா? எனக்குச் சாயந்தரம்தான் நேரம் கிடைக்குது."

கிடைக்கிற நேரம்தான் நல்ல நேரம். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நம் வட்டாரத்தில் நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது, ஆகவே ஏரிகளுக்குக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் போட்டிருக்கும். காலையில் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவைமேல் முழு வெளிச்சமும் விழும், நிறம் தெளிவாகத் தெரியும். சாயந்தரம் சூரியன் எதிரே வந்துவிடும், எல்லாப் பறவையும் கருநிழல். ஆனால் சாயந்தரத்துக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது: கொக்கும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமாக அடைய வருவது. நிறம் வேண்டுமானால் காலை, கூட்டம் வேண்டுமானால் மாலை.

"எனக்குக் காக்கா, மைனா தவிர ஒரு பேரும் தெரியாது. பேர் தெரியாம பார்த்து என்ன பிரயோஜனம்?"

பெயர் அப்புறம் வரும். முதலில் என்ன செய்கிறது என்று பாருங்கள். கரையோரச் சேற்றில் மண் நிறத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் ஒன்று உட்கார்ந்திருக்கும். நீங்கள் கிட்டத்தட்ட மிதிக்கப்போகும் வரை அது இருப்பதே தெரியாது. சட்டென்று எழும்பும்போது பார்த்தால் இறக்கை முழுக்க வெள்ளை! உட்கார்ந்தால் மண், பறந்தால் வெள்ளை என்று நீங்களே ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம். பிறகு யாராவது 'அது மடையான்' என்று சொல்லும்போது அந்தப் பெயர் மறக்கவே மறக்காது.

கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் மெர்லின் என்ற இலவசச் செயலி, குரலைக் கேட்டே என்ன பறவை என்று சொல்கிறது. உதவியானதுதான். ஆனால் அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கண்ணால் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதைவிட நல்லது, கரையில் மீன் பிடிக்கிறவர்களையும் மாடு மேய்க்கிறவர்களையும் கேட்பது. ஊருக்கு ஊர் பெயர் மாறும், மாறினால் மாறட்டும்.

"பைனாகுலர் வாங்கணுமா? கேமரா?"

பைனாகுலர், முடிந்தால் பிறகு. எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், பத்து பன்னிரண்டு என்று போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கேமரா பற்றி எனக்கு ஒரு தனிப்பட்ட மனக்குறை உண்டு. பெரிய லென்ஸோடு வருகிறவர்கள் படம் கிடைத்தவுடன் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள், அந்தப் பறவை அதற்குப் பிறகு என்ன செய்தது என்று கேட்டால் தெரியாது. கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. தாய்ப்பறவை எழும்பிப் போன நேரம் பார்த்துக் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

"போனை வீட்டுல வெச்சிட்டு வரணுமா? பாட்டு கேட்டுக்கிட்டே நடந்தா தப்பா?"

தப்பு என்று நான் யார் சொல்ல! பாட்டு கேட்டால் நடை சுகமாகப் போகும், உண்மைதான். ஆனால் கரையில் இருப்பதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் தெரிவது. தையல்சிட்டு உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அதன் குரலோ தெருவே கேட்கும். போக ஒரு காதில் பாட்டு, திரும்பி வரும்போது இரண்டு காதும் காலி என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். போன் கையில் இருக்கட்டும், அவசரத்துக்குத் தேவை. பாம்பு பற்றிய பதிலைப் பார்க்க.

"எனக்குச் சர்க்கரை. டாக்டர் வேகமா நடக்கச் சொல்லியிருக்காரு. உங்களோட நின்னு நின்னு வந்தா எப்படிக் குறையும்?"

குறையாது. டாக்டர் சொன்னதுதான் முதலில். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது, மூச்சு கொஞ்சம் வாங்குகிற நடை அதில் சேரும், எருக்கஞ்செடி முன்னால் நிற்பது சேராது. எங்களோடு வருகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் கரையின் அந்தக் கோடிவரை நிற்காமல் வேகமாகப் போய்விட்டு, திரும்பும் வழியை மட்டும் வேடிக்கைக்கு வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் திட்டும் விழாது.

"புல்லு மண்டிக் கிடக்கு. பாம்பு இருக்காதா? நாய் வேற துரத்துது."

இருக்கும். ஏரி என்றால் தவளை, தவளை என்றால் பாம்பு. பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது விஷமில்லாத தண்ணீர்ப் பாம்போ சாரையோதான். ஆனால் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் ஊரில் உண்டு. இருட்டில் நடக்காதீர்கள், மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள், கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாத புல்லில் இறங்காதீர்கள், கையை விட்டுக் கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறி வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, கண்ணுக்குக் கண் முறைக்காமல் மெல்ல விலகுங்கள். பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இதில் மட்டும் 'பார்க்கலாம்' கிடையாது.

"நான் தனியா வர்ற பொண்ணு. நின்னு மரத்தைப் பார்த்தா நாலு பேர் என்னைப் பார்க்கிறாங்க. எப்படி?"

இதைக் கேட்டது ஒருவர் அல்ல, பலர். நடந்துகொண்டே இருக்கிற பெண்ணைக் கண்டுகொள்ளாத ஊர், நிற்கிற பெண்ணிடம் 'யாருக்காக நிக்கிற?' என்று கண்ணாலேயே கேட்கிறது. அது பார்க்கிறவன் கோளாறு, ஆனால் தொல்லை உங்களுக்கு. எங்கள் கூட்டத்துப் பெண்கள் சொன்னதையே எழுதுகிறேன்: கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் ஏதோ சர்வே எடுக்கிறவர் என்று நினைத்துப் பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள், பைனாகுலர் இருந்தால் மீதிப் பேர் அதை வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். முதல் சில வாரம் இரண்டு மூன்று பேராக வாருங்கள், கரையில் தினமும் வருகிற அம்மாக்களிடம் முகப்பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் பறவையை விட்டுவிட்டுக் கிளம்புங்கள், பெண்களுக்கான உதவி எண் 181 போனில் இருக்கட்டும்.

"தினமும் அதே கரை, அதே தண்ணி. ஒரு மாசத்துல போரடிச்சிடாதா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். புது இடத்துக்குப் போனால்தான் புதிதாக ஏதாவது தெரியும் என்று நினைக்கிறோம். என் அனுபவம் நேர் எதிர். புது இடத்தில் எல்லாமே புதிது, அதனால் எது மாறியிருக்கிறது என்றே தெரியாது. நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தவனுக்குத்தான் இன்றைக்கு என்ன புதிது என்று தெரியும்.

பூவரசம் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு இருக்கிறது. காலையில் விரிந்த பூ பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு, உள்ளே எறும்பும் வண்டும். அதே மரத்தில், அதே கிளையில், மங்கிய செந்நிறத்தில் சுருண்ட பூவும் தொங்கும். இரண்டும் வேறு வேறு ரகம் என்றே பலர் நினைக்கிறார்கள். மஞ்சள் இன்றைய பூ, சிவப்பு நேற்றைய பூ. ஒரு பூவில் நூல் கட்டிவிட்டு மறுநாள் போனால் நீங்களே பார்க்கலாம். ஒரே ஒரு நாள் வந்து போகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அப்புறம் மாதம். மாசியில் வேம்பு இலையைக் கொட்டும், பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர்த்துப் பூக்கும், சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு நீங்கள் தேடுகிற பூ அதுதான். அதே சமயம் குயில் கத்த ஆரம்பிக்கும். கத்துகிற கருப்புக் குயில் ஆண், பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு சத்தமில்லாமல் காகத்தின் கூட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். வைகாசி, ஆனி வாக்கில் ஒரு காகம், தன்னைப்போல இல்லாத ஒரு குஞ்சுக்கு விழுந்து விழுந்து தீனி ஊட்டுவதைப் பார்த்தால், பங்குனியில் கேட்ட பாட்டின் கணக்கு அங்கே முடிகிறது என்று புரியும். ஆவணி, புரட்டாசியிலேயே உள்ளான்கள் வந்துவிடும், சில சைபீரியா வரைக்கும் உள்ள வடக்குச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. கரையில் தட்டான்கள் தலைக்கு மேல் மேகமாகச் சுற்றும். ஐப்பசி மழை பிடித்தால் ராத்திரியெல்லாம் தவளை. கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலிங்கலில் தண்ணீர் வழியும்போது மீன் எதிர்த்து ஏறும், ஊரே வலையோடு நிற்கும். இதில் எந்த மாதம் போரடிக்கும் என்று சொல்லுங்கள்.

"பையனைக் கூட்டிட்டு வந்தேன். பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போலாம்ங்கிறான்."

நீங்கள் அவனுக்குப் பாடம் எடுத்திருப்பீர்கள். 'அதோ பார் நத்தைகுத்தி நாரை, அதன் அலகில் இடைவெளி இருக்கும்' என்று ஆரம்பித்தால் யாருக்குத்தான் வீடு ஞாபகம் வராது? ஒரு வேலை கொடுங்கள். எறும்புப் புற்றில் எத்தனை வாசல், முக்குளிப்பான் முங்கினால் எங்கே எழும்பும் என்று பந்தயம், இப்படி. முக்குளிப்பான் பந்தயத்தில் பெரியவர்கள் எப்போதும் தோற்போம், அது முங்கிய இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் தலை தூக்கும். அவன் சேற்றில் கால் வைப்பான், துணி அழுக்காகும். அதற்குத் தயாராக வாருங்கள்.

"கோடையில ஏரி காஞ்சு கிடக்கு. அப்ப என்ன இருக்கு பார்க்க?"

காய்ந்த ஏரிதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்ற மாதங்களில் தண்ணீருக்கு அடியில் இருந்த வரைபடம் அப்போதுதான் வெளியே வரும். வரத்துக்கால்வாய் எங்கே நுழைகிறது, ஆழம் எங்கே, பழைய மண் எடுத்த குழி எங்கே, எல்லாம். வெடித்த வண்டலுக்கு அடியில் நத்தைகள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு அடுத்த மழைக்காகக் கிடக்கும்.

சரளைக் கல் கிடக்கிற மேட்டில் நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதன் முட்டை கூடு எதுவும் இல்லாமல் வெறும் தரையில், கல்லின் நிறத்திலேயே, பெரும்பாலும் நான்காக, கூர்முனை உள்ளே பார்த்தபடி கிடக்கும். அடுத்த அடி அதன்மேல் விழலாம். வந்த வழியே திரும்பித் தூரப் போய் உட்கார்ந்து பாருங்கள். வெயில் ஏறியதும் தாய் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும், சூட்டைத் தணிக்க. சித்திரை வெயிலில் நாம் ஏசி போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நடக்கிற வேலை இது.

"குப்பையும் சாக்கடையும்தான் கண்ணுல படுது. மன அமைதிக்கு வந்தா கோபம்தான் வருது."

வரத்தான் வேண்டும். மன அமைதி தருகிறேன் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. கவனித்துப் பார்க்க ஆரம்பித்தால் பூவரசும் தெரியும், பக்கத்தில் கழிவுநீர் லாரி வந்து போன தடமும் தெரியும். ஒன்றை மட்டும் பார்க்கிற கண் கிடையாது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சாக்கடை கலக்கிற வாயில் நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் கால்களோடு கும்பலாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், 'பறவை வருதே, தண்ணி நல்லாத்தான் இருக்கு' என்று சிலர் சொல்வார்கள். இல்லை. கழிவு சேர்ந்த சேற்றில் புழு அதிகம், அதற்காக வருகின்றன. பறவைக் கூட்டம் தண்ணீருக்கு நற்சான்று ஆகாது. மற்றவை குறைந்து அது ஒன்று மட்டும் பெருகினால் கவலைப்பட வேண்டும்.

கோபத்தை என்ன செய்வது? தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள், கேமராவுக்கு நான் மனமார ஆதரவு தருகிற ஒரே இடம் இது. புகார் யாருக்கு என்பதில் பலர் அலைகிறார்கள். தமிழ்நாட்டில் பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறை வசம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் வசம், நகரத்துக்குள் வந்துவிட்டவை பல உள்ளாட்சியின் கையில். முதலில் உங்கள் ஏரி யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். எழுதிய உடனே நடக்காது, தேதி போட்ட படம் பத்து இருந்தால் கொஞ்சம் நகரும். பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நகரத்தின் குப்பை மேடு என்று பல ஆண்டு பெயர் வாங்கிய இடம் அது.

"கரையெல்லாம் சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும்தான். வெட்ட வேண்டியதைப் போய் ரசிக்கலாமா?"

ரசிக்க வேண்டாம், பாருங்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, இரண்டும் இங்கே இடத்தை அடைத்துக்கொண்டன, அகற்ற வேண்டியவைதான். ஆனால் கருவேலத்தில் கொக்கும் மடையானும் கூடு கட்டியிருக்கின்றன, அதன் பூவில் தேனீ மொய்க்கிறது, அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ராமநாதபுரம் பக்கம் ஏராளம். ஆகாயத்தாமரை மேல் இலைக்கோழி தன் நீளமான விரல்களைப் பரப்பி முழுகாமல் நடக்கிறது. கூடு உள்ள மாதத்தில் பொக்லைனை விட்டு ஒரே நாளில் சுத்தம் செய்வதும், பிறகு வேறு மரம் வைக்காமல் விடுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. எப்போது வெட்டலாம், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்ல, தினமும் பார்த்தவர் ஒருவர் வேண்டும்.

"நோட்டுல எழுதணுமா? என்ன எழுதுறது, 'இன்று கொக்கு பார்த்தேன்'னா?"

அதுவே போதும். தேதி, நேரம், மழையா வெயிலா, ஒரே ஒரு விஷயம். வர்ணனை வேண்டாம். 'இன்று இயற்கையின் மடியில்' என்று ஆரம்பிக்கிற குறிப்பை அடுத்த வருடம் படித்தால் ஒன்றும் கிடைக்காது. 'முதல் தகைவிலான், கரண்ட் கம்பியில், நாலு' என்று எழுதியிருந்தால் அடுத்த வருடம் அதே வாரம் கம்பியை அண்ணாந்து பார்ப்பீர்கள். போரடிக்கிறது என்கிற கேள்விக்குச் சொன்னதெல்லாம் இந்த நோட்டால் சாத்தியப்பட்டதுதான்.

எழுத விஷயம் தீர்ந்துவிடும் என்று பயப்படாதீர்கள். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950-இலிருந்து 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து பத்தி எழுதினார். யானைக்கும் புலிக்கும் நடுவே காகம், அணில், வீட்டுப் பல்லி எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது.

"வீட்டுல ஒரு சாவு. மனசே சரியில்ல. நடந்தா சரியாகிடுமா?"

சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். நடப்பதால் தூக்கம் கொஞ்சம் வரும், பசி கொஞ்சம் எடுக்கும், அது சின்ன விஷயம் இல்லை. எங்களோடு வருகிற ஒருவர் மனைவி போனபிறகு சில மாதம் யாரோடும் பேசாமல் எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்தார், நாங்களும் பேச்சுக் கொடுக்கவில்லை. தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்துத்தான் முதலில் வாயைத் திறந்தார். 'ஏன் பாதியோட விட்டுட்டுப் போயிருக்கு?' என்றார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும், பெண் வந்து பார்த்து அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டும், பிடிக்காதது அப்படியே தொங்கும் என்று சொன்னோம். அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் அதில் நான் எதையும் ஏற்றமாட்டேன்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு வருகிறது என்றால் கரை போதாது. டெலி-மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

"நானும் பார்க்கிறேன், எனக்கு ஒண்ணும் தோணல. நீங்க 'அர்த்தம்'னு சொல்றது என்ன?"

கலிபோர்னியாவில் 60 வயது தாண்டியவர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2020-இல் வெளியானது. எல்லாரும் வாரம் ஒருமுறை 15 நிமிடம், எட்டு வாரம் நடக்க வேண்டும். ஒரு பாதியிடம் சும்மா நடக்கச் சொன்னார்கள், மறு பாதியிடம் வியப்பு தருவதைத் தேடிக்கொண்டே நடக்கச் சொன்னார்கள். எல்லாரையும் செல்ஃபி எடுக்கச் சொன்னார்கள். வாரம் போகப் போக, தேடி நடந்தவர்களின் படத்தில் அவர்கள் முகம் சிறிதாகிப் பின்னால் உள்ள காட்சி பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் அப்படி எடுக்கச் சொல்லவில்லை.

அர்த்தம் என்றால் ஒரு வாசகம் வந்து மனதில் விழும் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. அது வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வருகிறதே! இலைக்கோழியில் முட்டையை அடைகாப்பது ஆண்தான், இதை யாரிடம் சொன்னாலும் உடனே 'தந்தையின் தியாகம்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். இலைக்கோழி நமக்குப் பாடம் நடத்த முட்டையில் உட்காரவில்லை. அது எதற்கு உட்கார்ந்திருக்கிறது, நேற்று மழையில் அந்த இலை முழுகியதா, இன்று எத்தனை முட்டை என்று கேட்டுக்கொண்டிருங்கள். முன்பெல்லாம் ராத்திரி மழை பிடித்தால் வண்டி நனையுமே, கரண்ட் போகுமே என்றுதான் எனக்கு நினைப்பு வரும். இப்போது அதோடு சேர்த்து மதகுப் பக்கம் முக்குளிப்பான் கூடு தண்ணீரோடு எழும்புமா, அறுத்துக்கொண்டு போகுமா என்றும் வருகிறது. எனக்குக் கிடைத்த அர்த்தம் இந்த அளவுதான், உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஒன்றும் தோன்றாத நாட்கள் எனக்கும் நிறைய, அன்றைக்கு நடை மட்டும் மிச்சம்.

"உங்களோட சேர்ந்து வரலாமா? என்ன கொண்டு வரணும்?"

தாராளமாக. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதகுப் பக்கம் இருப்போம். தண்ணீர் பாட்டில், தொப்பி, மேலே சொன்ன மூடிய செருப்பு, இவ்வளவு போதும். மீனுக்குப் பொரி, வாத்துக்கு பிரெட் எதுவும் வேண்டாம். ஜனவரியில் வருவதாக இருந்தால் பொங்கலை ஒட்டி வாருங்கள். 2015-இலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று எண்ணி இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் நீங்களும் சேர்ந்தாயிற்று, காகத்தையும் எண்ண வேண்டும் என்பதுதான் புதியவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். நடை முடிந்து கலிங்கல் முனையில் டீ, காசு அவரவர்.